விட்டுக் கொடுக்காதவர்

"ஹலோ... ஹலோ! ரைஸ் மில்லுங்களா? திண்டிவனங்களா?... நான் தாண்டவராயன் பேசுறேங்க, விழுப்புரத்துலருந்து. நெல்லு காய வெக்கிற பாஞ்சாலி வூட்டுக்காரன்... ஆமாங்க, ஆமாங்க, மூணு சக்கர வண்டிதான். அவள ஜல்தியா கூப்புடுங்க, டிரங்கால் போட்டிருக்கேன்..."

விளையாட்டுத் திடலுக்கு எதிரே இருந்த மருந்துக்கடை அது. கல்லாவை ஒட்டி வண்டியை நிறுத்தி, ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டிருந்தான் தாண்டவராயன். கையால் பிடிக்க முடியவில்லை. உள்ளங்கை இரண்டிலும் கொப்புளங்கள் உடைந்து எரிந்தன. நுங்கு வெட்ட ஏறிய பனையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போன பிறகு, அவனுக்கு நடையும் ஓட்டமும் அந்தக் கைகள்தான்.

"பாஞ்சாலியா?... உயிரோடதான் இருக்கேன்... அழுவாத. அழுவாதன்றேன்ல... இல்ல, பஸ்ஸுல வரல. கண்டக்டரு வண்டிய மேல ஏத்த மாட்டேன்னுட்டாரு... அப்புறம் இன்னா, ஓட்டிக்கினே வந்துட்டேன்... திண்டிவனத்துலருந்துதான்... ஆமா, மெயின் ரோட்டுலயேதான்... ஆமா, லாரி போறதுதான். ஒதுங்கிக்கினுதான் போனாங்க... பைத்தியந்தான். ஆமா... ஆமா... விக்கிரவாண்டிகிட்ட ஒரு மாட்டு வண்டிய தாண்டிட்டேன் தெரியுமா? வண்டிக்காரன் எட்டி எட்டிப் பாக்குறான்!... சிரிக்கல, நான் எங்க சிரிக்கிறேன்..."

அவன் குரல் சட்டென்று இறங்கியது.

"பந்தயமா?..."

திடலில் மூன்று சக்கர வண்டிப் பந்தயத்துக்குப் போட்ட பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"முடிஞ்சிப்போச்சி. நான் வந்து சேர்றப்போ கப்பு குடுத்துட்டாங்க... கேளு... கேளு புள்ள, முழுசா கேளு. பந்தயம் நடத்துனவங்க மேல தப்பு இல்ல. 'இவ்ளோ தூரம் வந்துட்ட, இந்தா ஆறுதல் பரிசு'ன்னு எவர்சில்வர் கொடம் ஒண்ண நீட்டுனாங்க... வேணான்னுட்டேன்... ஏன்னா? ஓட்டாத பந்தயத்துக்குக் கொடம் வாங்கியாந்தா அதுல எப்பிடி தண்ணி குடிக்கிறது?... சரி, உனக்குக் கொடம் வேணும்னா வேற வாங்கிக்கலாம், அத வுடு..."

இடையில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பெண்ணின் குரல் புகுந்தது.

"பேசுறேங்கம்மா, பேசுறேன், கட் பண்ணிடாதீங்க!... பாஞ்சாலி, இருக்கியா? ஜெயிச்சவரு கோட்டக்குப்பத்துக்காரரு. மொய்தீன் பிச்சை. சின்னதுலயே இளம்பிள்ளை வாதம், கை மட்டும் ஒலக்க மாரி இருக்கு. கப்ப மடியில வெச்சிக்கினு கெளம்பிக்கினு இருந்தாரு. நேரா அவரு முன்னால போய் வண்டிய நிறுத்திட்டேன். 'பாய், என்கூட ஒரு தபா ஓட்டுறீங்களா?'ன்னேன்... இல்ல, சண்டை இல்ல. என் கையப் பாத்தாரு. அப்புறம் கப்பத் தூக்கிப் பந்தல்காரர்கிட்ட குடுத்துட்டு வண்டியத் திருப்பிட்டாரு..."

மருந்துக்கடைக்காரர் பஞ்சையும் டிஞ்சரையும் எடுத்து வைத்தார். தாண்டவராயன் கவனிக்கவில்லை. பேசப் பேச அவன் தோள்கள் வண்டியின் கைப்பெடலைச் சுற்றுவதுபோல் அசைந்தன.

"யாரு பாக்குறது? பந்தல் பிரிக்கிறவங்க, ஐஸ் விக்கிறவரு, அவ்ளோதான். திடலச் சுத்தி ஓட்டுனோம். கடைசித் திருப்பம் வரைக்கும் நான்தான் முன்னால... ஆமா... இல்ல பாஞ்சாலி. தோத்துட்டேன். முன்சக்கரம் அளவுதான்... இன்னா சொன்ன?... இன்னா சொன்ன நீ? அவரு விட்டுக் குடுத்திருக்கலாமா?"

கத்தியே விட்டான். மருந்து வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"விட்டுக் குடுத்திருந்தா அந்தாளு மூஞ்சியிலயே முழிச்சிருக்க மாட்டேன்! ரேஷன் கடையில ஊர்க்காரன் 'நீ முன்னாடி போப்பா'ன்றான். சீட்டாடுனா கூட்டாளி நல்ல சீட்ட மறச்சி வெச்சிக்கினு என்ன ஜெயிக்க வெக்கிறான். எனக்குத் தெரியாதா?... நீ மட்டும் இன்னா? முன்னல்லாம் கொழம்புக்கு உப்பு பத்தலன்னு சொன்னாகூட மல்லுக்கு நிப்ப. நான் வுழுந்ததுலருந்து எதுக்கெடுத்தாலும் 'சரிங்க, சரிங்க'... குத்தமா சொல்லல புள்ள. ஆனா இன்னிக்கு அந்த மனுசன் பல்லக் கடிச்சிக்கினு ஓட்டுனாரு, பாஞ்சாலி. என்னத் தோக்கடிக்கணும்னே ஓட்டுனாரு. மூச்சு வாங்குது ரெண்டு பேருக்கும்... எத்தினி நாளாச்சி... ஹலோ?... இருக்கியா?"

கம்பியின் இரைச்சலுக்கு நடுவே பாஞ்சாலி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"சரி... சரி வுடு. லாரி ஒண்ணு வருதாம், அதுல ஏத்திக்கினு வந்துடுறேன். அப்புறம், வர்ற ஞாயித்துக்கெழம கிளியனூர் ரோட்டுல மறுபடியும் ஓட்டலாம்னு பாய்கிட்ட சொல்லிட்டேன்... இன்னா?... கூடாதா?... கை ஆறுற வரைக்குமா? அதெல்லாம் ஆறிடும்... அட, நான் போவேன்... இன்னாது, செயினக் கழட்டி மில்லுல பூட்டிடுவியா?"

எதிர்முனையில் பாஞ்சாலி போட்ட சத்தத்தில் ரிசீவரைக் காதிலிருந்து விலக்கிப் பிடித்தான், எரிகிற கையாலேயே. கடை முழுவதற்கும் அது கேட்டது. வாசலில் வண்டியோடு காத்திருந்த மொய்தீன் பிச்சைகூட நிமிர்ந்து பார்த்தார்.

தாண்டவராயனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது.

"கழட்டுவியா? கழட்டித்தான் பாரேன்! நானா நீயான்னு வூட்டுக்கு வந்து பாத்துக்கலாம்... இன்னா? சத்தமா சொல்லு... இன்னும் சத்தமா..."

லைன் கட்டாகிவிட்டது.