தள்ளிவிட ஓர் ஆள்

— இன்னும் என்னத்தைங்க டிரைவரே தூக்கிப் போடறது? கயித்துக் கட்டிலப் போட்டாச்சு. சாமை மூட்டையப் போட்டாச்சு. கோழியையும் அவுத்து வுட்டாச்சு.

— கோழியில என்னப்பா கனம் இருக்குது மாதா. அதை வெச்சிருந்திருக்கலாம்.

— டாக்டரம்மாவுக்குன்னு கொண்டாந்ததுங்க.

— ஆத்துத் திட்டுல மேஞ்சிட்டிருக்குது பாரு, டாக்டரம்மாவ மறந்துட்டு. ஏம்மிணி, நீ எந்திரிக்காத. அப்பிடியே பலகையில சாஞ்சுக்க. மாதன் பொண்டாட்டி, இருசாயிதான உம் பேரு?

— ஆமாங்கண்ணா.

— வலி எப்பிடி இருக்குது?

— விட்டு விட்டு வருதுங்க. படகு ஏனுங்க நின்னு போச்சு?

— நிக்கல அம்மிணி, உக்காந்துருச்சு. இந்த மோட்டாரு கொணம் அப்பிடி. மத்த மோட்டாருக்கெல்லாம் தண்ணிக்குள்ள எலை சுத்தும், கல்லுல பட்டா ஒடஞ்சிரும். இதுக்கு எலை வெளிய கெடையாது. அடியில ஒரு சல்லடை, அது வழியாத் தண்ணிய உறிஞ்சிப் பின்னால பீச்சியடிக்கும். எங்க இஞ்சினீயரு ஜெட்டும்பாரு, நான் பீச்சாங்குழலும்பேன். வேகமா ஓடற வரைக்கும் படகு தண்ணிக்கு மேல எந்திரிச்சு நிக்கும். நாலு வெரக்கடத் தண்ணி போதும், கல்லு மேலயே போயிரும். வேகம் கொறஞ்சுதுன்னா எருமையாட்டம் படுத்துக்கும். மூணு பேரு கனத்துக்கு எந்திரிக்க மாட்டீங்குது.

— உங்க இஞ்சினீயரு கேம்ப்புல இருந்து இங்க வரைக்கும் நல்லாத்தானுங்க வந்துச்சு.

— அது ஆழம் மாதா. ஆழத்துல மெதுவாப் போனாலும் மொதந்துட்டுப் போயிரும். இங்கிருந்து கீழ அந்த மடு வரைக்கும் கூழாங்கல்லுப் பரப்பு. ஒரே மூச்சுல தாண்டணும். ரெண்டு தடவை எடுத்துப் பாத்தேன், மூக்கைத் தூக்குது, மறுக்கா உக்காந்துக்குது. இன்னொருக்கா இப்பிடி உக்காந்து கல்லை உறிஞ்சுச்சுன்னா உள்ள இருக்கற சக்கரமே போயிரும்.

— நாம ரெண்டு பேரும் எறங்கி இழுத்துட்டே போயிரலாமுங்களா?

— எத்தன தூரம்? நடுவுல நடுவுல குழி. இருட்டறதுக்குள்ள ஆசுபத்திரி சேர முடியாது. இவ தாங்குவாளா?

— அம்மா…

— பல்லக் கடிச்சுக்க அம்மிணி. அந்த மருத்துவச்சி என்னதான் சொன்னா உங்கூர்ல?

— குறுக்கால கெடக்குதுன்னு சொன்னாங்க. டாக்டரு கத்தி வெச்சாத்தான் ரெண்டு உசுரும் தங்கும்னாங்க.

— மின்ன பொறந்ததெல்லாம்?

— ரெண்டு பொறந்துச்சுங்க டிரைவரே. ரெண்டையும் மொளகுக் கொடிக்கு மேக்கால பொதைச்சோம். அப்ப கீழ எறக்கறதுக்கு ஆளும் இல்லீங்க, வழியும் இல்லீங்க. ரோடு போடறாங்க போடறாங்கன்னு சொல்றாங்க, அது செம்மேட்டுப் பக்கந்தானுங்க. எங்க பக்கம் இன்னும் ஆளைத் தூக்கிட்டுத்தான் எறங்கோணும்.

— மாதா, நீ ஏன் மலைப் பக்கமே பாத்துட்டு இருக்கற?

— மலை தெரியலீங்க.

— தெரியல. நானும் பாத்தேன், பேசாம இருந்தேன்.

— மேல மலையில, அரியூர் நாட்டுல பெய்யுதுங்க. தண்ணி வேற செவப்பா வருது.

— ராத்திரி வந்த வெள்ளம் ரோட்டுப் பாலத்தையே தூக்கிட்டுப் போச்சு. அது வடிஞ்சுதான் இப்ப கல்லு தெரியுது. அடுத்தது வந்துச்சுன்னா இந்தத் திட்டு இருக்காது.

— வரட்டுமுங்க. தண்ணி ஏறுனா படகு தானா மொதக்காதுங்களா?

— வர்ற தண்ணி வெறுந்தண்ணியா வராது மாதா. மரத்தோட வரும், பாறையோட வரும். இந்தத் தகரப் படகு அதுல நிக்காது. அதுக்கு முன்னாடி நாம மடுவத் தாண்டியாகணும்.

— அப்பன்னா நான் எறங்கிக்கறனுங்க.

— ஏனுங்க, சும்மா இருங்க.

— நீ சும்மா இரு கண்ணு. டிரைவரே, ஒரு ஆளு கொறஞ்சா எந்திரிக்குமுங்களா?

— எந்திரிக்கும். எனக்கென்ன சொல்ல வாய் வராமயா இருந்துச்சு? கனமும் கொறையணும், பின்னால நின்னு ஒருத்தன் தள்ளியும் விடணும். ஆனா தள்ளி விடற ஆளு மறுபடி ஏற முடியாது. எந்திரிச்சுட்டா நிறுத்த முடியாது பாத்துக்க, நிறுத்துனா மறுபடி கல்லு. எங்க கேம்ப்புல மொத சட்டமே திட்டுல ஆளை வுட்டுட்டு வரக் கூடாதுங்கறதுதான். ரெண்டு பக்கமும் ஆளை முழுங்கற ஆழம். இங்க நின்னுட்டு என்ன பண்ணுவ நீ?

— கரைக்கு நீந்திக்கறனுங்க.

— நீச்சல் தெரியுமா உனக்கு?

— ஐயாத்துத் தண்ணியக் குடிச்சு வளந்தவனுங்க நானு. தெரியாமயா போயிரும்?

— அதும் செரி. நான் முள்ளுக்குறிச்சிக்காரன். சொல்லிக்கற மாதிரி ஆறு கெடையாது எங்கூர்ல, கெணத்துல குதிச்சுத்தான் கத்துக்கிட்டேன். ஆத்தோரத்துல பொறந்தவன் உனக்கென்ன. ஆனா கேம்ப்புல இருந்து அந்தப் பலகைய அந்தப் புடி புடிச்சுட்டு வந்தியே?

— அது உங்க மோட்டாரு கத்தற கத்தலுக்குங்க. தண்ணிக்குப் பயந்து இல்லீங்க.

— அம்மிணி, நீ சொல்லு. உம் புருசன் நீந்துவானா?

— அய்யோ… அம்மா…

— அவள எதுக்குங்க கேக்கறீங்க, வலியில கெடக்கறா. நீங்க சல்லடையப் பாருங்க டிரைவரே. நேரம் போவுது.

— பாக்கறேன். சொல்றதச் சொல்லிட்டு வா.

— இருசாயி, என்னையப் பாரு கண்ணு.

— பாக்க மாட்டனுங்க.

— மரவள்ளி புடுங்கறப்ப கெழக்கால இருந்து புடுங்கச் சொல்லு. அங்கதான் பன்னி வருது.

— நீங்களே வந்து புடுங்குங்க.

— செவலைக் கண்ணு இனி பால் மறந்துரும். திருப்புலி நாட்டுல இருந்து உங்கண்ணன் வந்தா ஓட்டிட்டுப் போவச் சொல்லு. நம்மூட்டுல மேய்க்க ஆளில்ல.

— இதையெல்லாம் இப்ப ஏனுங்க பேசறீங்க? எறங்காதீங்க. வந்தது வரட்டும், மூணு பேரும் இங்கயே இருந்துக்கலாமுங்க.

— இருசாயி, ரெண்டுக்கு மண்ணுத் தோண்டுன கையி இது. மூணாவதுக்கு என்னால ஆவாது. தோண்டவே ஆவாது கண்ணு. அழுவாத. வயித்துல உதைக்குதா?

— உதைக்குதுங்க.

— அப்பப் போ. டிரைவரே, சொல்லுங்க, எப்பிடித் தள்ளோணும்?

— இந்த மூலைக் கட்டைய ரெண்டு கையாலயும் புடிச்சுக்க. மோட்டாருக்கு நேர் பின்னால நிக்காத, பீச்சற தண்ணி ஆளத் தூக்கியடிச்சிரும். நான் தலைய ஆட்டுனதும் இருக்கற பலத்தையெல்லாம் போட்டுத் தள்ளு. பொறவு கைய வுட்டுரணும் மாதா. வுடாமத் தொங்குனியின்னா எந்திரிக்காது.

— வுட்டர்றனுங்க.

— வுட்டதும் யோசிக்காம எறங்கிரு. அதா, கருவேல மரம் தெரியுது பாரு, அந்தக் கரை. தண்ணிய எதுக்காத, அது போற போக்குல சாஞ்சு போ. திட்டுல நின்னு வேடிக்கை பாக்காத.

— செரிங்க.

— நான் அம்மிணிய எறக்கி வுட்டுட்டு…

— அவளக் கொண்டு போயிச் சேத்துங்க சாமி. மத்தது பொறவு பாத்துக்கலாம்.

*

— அண்ணா, மறுக்கா ஏனுங்க நிறுத்திட்டீங்க?

— பயப்படாத அம்மிணி, மடுவுக்கு வந்துட்டோம். இங்க ஆழம், நின்னாலும் மொதக்கும். சல்லடையில பாசி அடைச்சுக்கிச்சு, இழுக்க மாட்டீங்குது. கையவுட்டு எடுத்துட்டாப் போயிரலாம். சித்தெ பொறு.

— கல்லையெல்லாம் தாண்டிட்டமுங்களா?

— தாண்டியாச்சு. எப்பிடி எந்திரிச்சுது பாத்தியா? உம் புருசன் தள்ளுன தள்ளு அப்பிடி. பாத்தா ஒல்லியா இருக்கறான், எங்கிருந்துதான் வந்துச்சோ அந்தப் பலம்.

— திரும்பிப் பாத்தீங்களா?

— ஒரு தடவை பாத்தேன். கைய ஆட்டுனான்.

— எங்க நின்னுட்டுங்க?

— திட்டு மேலதான்.

— எறங்கலீங்களா?

— மூச்சு வாங்குமில்ல அம்மிணி. அந்தத் தள்ளு தள்ளிட்டு ஒடனே நீந்த முடியுமா? சித்தெ நின்னுட்டு எறங்கியிருப்பான். அட, இந்தப் பாசி தலமுடியாட்டம் சுத்திட்டு வர மாட்டீங்குது. நீ பேசிட்டே இரு, கண்ண மூடாத. உங்க ரெண்டு பேருக்கும் கண்ணாலம் ஆயி எத்தன வருசமாச்சு?

— நாலு வருசமுங்க.

— சண்டையெல்லாம் போடுவானா?

— அவருக்குப் பேச்சே கம்மிங்க. மொத கொழந்தை போனப்ப நாலஞ்சு நாளு வாயே தொறக்கல. ரெண்டாவது போனப்ப ராத்திரியெல்லாம் அங்கயே போயி உக்காந்துக்குவாரு. நரி தோண்டிருமின்னு. அண்ணா, தண்ணி இங்கயும் செவந்துருச்சுங்க.

— ஆமா. சத்தமும் வித்தியாசமா இருக்குது. மேல வந்துருச்சாட்ட இருக்குது.

— அண்ணா.

— சொல்லு.

— இங்கிருந்து திரும்பிப் போவ முடியுமுங்களா?

— முடியும். எதுத்து ஏறும் இது, அதுக்குத்தான இஞ்சினீயரு சீமையிலிருந்து வரவழைச்சாரு. ஆனா உன்னைய இங்க எறக்க எடமில்ல, ரெண்டு பக்கமும் பாறை. உன்னையும் வெச்சுட்டுத்தான் திரும்பணும். அங்க போயி அவனையும் ஏத்துனா மறுபடி அதே கல்லு, மேல இருந்து வெள்ளம். அதுக்கப்பறம் ஆசுபத்திரிங்கற பேச்சே இல்ல.

— ம்.

— அவனுக்கு நீச்சல் தெரியாதுன்னா அது வேற. தலையே போனாலும் வுட்டுட்டு வந்திருக்க மாட்டேன். ஆத்துக்காரன், தெரியும்னு சொன்னான், அதனாலதான் கைய வுடச் சொன்னேன். இருந்தாலும் உனக்கு மனசு கேக்கலைன்னா சொல்லு அம்மிணி. நீ சொன்னா இப்பவே திருப்பிர்றேன். வர்றது வரட்டும். என்ன அம்மிணி, திருப்பட்டுமா?

— இன்னம் உதைக்குதுங்கண்ணா.

— அதுக்கில்ல, திருப்பட்டுமான்னு கேக்கறேன்.

— வேண்டாமுங்க. ஆசுபத்திரிக்கே போங்க.

— நல்லா யோசிச்சுச் சொல்லு.

— போங்கண்ணா. பேசாதீங்க, போங்க.

*

— வந்துட்டோம் அம்மிணி. கண்ணத் தொற. அதா, மேட்டுல ஆசுபத்திரி ஜீப்பு நிக்குது பாரு. நர்சம்மா டோலியோட எறங்கி வாராங்க. இனி அவங்க பாத்துக்குவாங்க, உனக்கு ஒண்ணும் ஆவாது.

— இதுக்கு மேல நேரமாயிருந்தா என்ன ஆயிருக்குமுங்க?

— அதை ஏன் கேக்கற. ஆத்தைத் திரும்பிப் பாரு. வேரோட ஒரு மரம் வருது. நாம மடுவுல இன்னுங்கொஞ்சம் நின்னிருந்தாலே போயிருப்போம்.

— திட்டு முங்கியிருக்குமுங்களா?

— முங்கியிருக்கும். அதுக்கென்ன, அவன் அதுக்கு முன்னாடியே கரையேறியிருப்பான். இந்நேரம் வேட்டியப் புழிஞ்சுட்டு உன்னைய நெனச்சுட்டு உக்காந்திருப்பான். அழுவாத அம்மிணி. கொழந்தை நல்லபடியாப் பொறக்கட்டும், நானே போயிச் சொல்றேன்.

— நீங்க எப்பங்கண்ணா போவீங்க?

— இந்தத் தண்ணியில எந்த மோட்டாரும் ஏறாது. ஒரு டீயக் குடிச்சுட்டு, நாலு ஆளக் கூட்டிட்டுக் கரையோரமா நடந்தே போயிர்றேன். கருவேல மரத்துப் பக்கம் இருந்து கூப்புட்டுட்டே போனா எங்கியாவது கொரல் குடுப்பான். வெடியறதுக்குள்ள கூட்டியாந்து உம் முன்னால நிறுத்தறேன், போதுமா?

— கரையில தேடாதீங்கண்ணா.

— ஏன் அம்மிணி?

— எங்க மேட்டுல ஐயாறு முட்டிக்கு மேல வராதுங்க. அவருக்கு நீச்சல் தெரியாது. மடுவுல நீங்க திருப்பட்டுமான்னு கேட்டப்பவும் எனக்கு அது தெரியுமுங்க.