கடலுக்கு முதுகு காட்டும் பாதை

மொன்ட்ரியால் மெட்ரோவின் கடலையெண்ணெயில் ஊறிய மரப் பிரேக் பிடிக்கையில் எழும் வறுத்த கச்சான் வாசம், ஒருநாள் அந்த வண்டியில் என் எதிரே இருந்த இரு தமிழ்க் கட்டடக் கலைஞர்களின் பேச்சை இன்னும் என் காதுக்குக் கொண்டுவருகிறது. ஆபிரிக்காவில் அடிமைகளைக் கப்பலேற்றிய ஒரு துறைமுகத்தில் நினைவுப் பூங்கா வடிவமைக்கும் போட்டி. இளையவள் வென்றிருந்தாள், மூத்தவர் தோற்றிருந்தார்.

“நான் மர நிழலிலை, கடலைப் பாத்துக்கொண்டு இருக்க வாங்குப் பலகை போட்டன். எல்லாரும் அதைத்தானே கேக்கிறவை?”

“அது ஹோட்டலுக்குச் சரி, அண்ணை. அந்தச் சனத்தைக் கொண்டுபோனதே அந்தக் கடல்தானே. நான் கரையிலையிருந்து ஊருக்குள்ளை திரும்பி நடக்க ஒரு பாதை மட்டும் கீறினன்.”

“ஒரு கோடு! அதுக்குப் பரிசு!”

“எரியுதோ?”

“ஓம். அந்தக் கோடு எனக்கு வந்திருக்கோணும்.”

கதவு திறந்தது. அவள் எழுந்தாள்.

“வாழ்த்துச் சொல்ல மாட்டியளோ?”

“சொல்லுவன் பிள்ளை. இண்டைக்கு ஏலாது. பேந்து சொல்லுறன்.”