இரண்டு ஆண்டுகளுக்கு ஒரே கட்டணம்

"மூண்டு மணிக்குப் பிறகு அமத்துவம். இப்ப ராகுகாலம்."

வியாழக்கிழமை பிற்பகல் இரண்டேகால் மணிக்கு, கிங்ஸ்பரியிலிருந்து ஹரோ செல்லும் பேருந்தில், என் முன்னிருக்கையில் இருந்த கணவர் தம் மனைவியிடம் இவ்வாறு கூறினார். மனைவியின் கைத்தொலைபேசியில், மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரே கட்டணத்தை உறுதிசெய்யும் ஒப்பந்தம் திறந்திருந்தது; ஒப்புதல் பொத்தானை அழுத்துவது மட்டுமே மிச்சம்.

"அதுக்குள்ளை கொம்பனி இந்த ஓஃபரை நிப்பாட்டிப்போட்டால், ராகுவோ வந்து பில் கட்டுவார்?"

"விலை குறைஞ்சால் என்ன செய்வீர்? இடையிலை விலகவும் ஏலாது, தண்டம் கட்டவேணும்."

"குறையட்டும். போன மாரிக் குளிர் முழுக்க நீங்கள் மீட்டரைப் பாத்துப் பாத்து ஹீட்டரை நிப்பாட்ட, பிள்ளை ஜாக்கெட்டோடை இருந்து படிச்சவள். இந்த முறை அவளுக்கு ஏ லெவல் சோதனை."

"நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. கலண்டரிலை ஒண்டரையிலையிருந்து மூண்டு மட்டும் போட்டிருக்கு."

"அது யாழ்ப்பாணத்துக் கலண்டர், இஞ்சாருங்கோ. சூரியன் உதிச்சு மறையிறதை வைச்சுத்தான் ராகுகாலம் கணிக்கிறது. இஞ்சை நாலு மணிக்கே இருளுது. லண்டனுக்கு இண்டைக்கு இரண்டு மணியோடை முடிஞ்சுது."

கணவர் சன்னலுக்கு வெளியே வெளிறிய வெயிலைப் பார்த்தார்.

"மூண்டு மட்டும் பொறுத்தமெண்டால் ரெண்டு கலண்டருக்கும் சரிவரும்."

"அமத்தியாச்சு," என்றார் மனைவி. "இனி அவளின்ரை அறை ஹீட்டரிலை நீங்கள் கை வைக்கக் கூடாது."