இடம் போதாத சுற்றறிக்கை

மட்டக்களப்பு பஸ்ஸில் மாங்கேணியில் ஏறிய இரண்டு ஆசிரியைகள் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார்கள்.

“என்ட வகுப்புப் பக்கத்த மூட வந்த அதிபர், எழுத இடமில்லாம நிண்டுட்டார்கா,” என்றார் இளையவர்.

“எந்தப் பக்கம்?”

“புள்ளைகள் அண்டண்டு படிச்சத போன்ல போடுற பக்கம். ஒரு தரத்துக்கு ரெண்டு வரிக்கு மேல ஏறாது. இதெல்லாம் ஒரு படிப்பா எண்டு கேட்டார். மூடுற அறிவித்தல அதிலயே போடப் போனார்.”

“மறுகா?”

“இலக்கம், திகதி, விடயம், ‘இத்தால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில்’. அதோட இடம் முடிஞ்சி.”

அவை இல்லாத சுற்றறிக்கை செல்லாது. அதிபர் முறைப்படிதான் நடந்திருக்கிறார்.

“வகுப்பில வாயே திறக்காத கலைவாணி, ‘இந்தப் பக்கம் நாளை மூடப்படும் - அதிபர்’ எண்டு அதுக்குக் கீழ போட்டாள்.”

“ஐயோ, அப்ப மூடியாச்சா?”

“எங்க மூடுற! ‘நான் சொல்ல வந்தது இதுதானே’ எண்டு மூணு தரம் வாசிச்சார். மறுகா அவரே ரெண்டையும் அழிச்சார். இனி அவர்ர சுற்றறிக்கையெல்லாம் எங்கட புள்ளைகள்தான் சுருக்கணுமாம். பக்கம் ஓடுது!”