யாரும் கொல்லாத நாள்

மன்ஹாட்டனிலிருந்து எடிசன் ஊருக்குத் திரும்பும் ரயிலில், முன் சீட்டுப் பெண்மணி கணவரிடம் கேட்டார்: "இன்னைக்கு உங்களை யார் கொன்னாங்க?"

கணவர் அமெரிக்க சீரியல்களில் சின்னச் சின்ன வேஷம் போடுபவராம்.

"யாரும் கொல்லல. இன்னைக்குத் தலைக்குக் குளிக்காமலே வீட்டுக்குள்ள வருவேன்."

"பின்ன? மத்த நாள்ல செத்துட்டு அப்படியே உள்ள வருவீங்களா?"

"இத்தனை வருஷமா செத்துட்டே இருந்தேன். இன்னைக்குத்தான் பாட விட்டாங்க. ஆஸ்பத்திரி சீன். பொண்டாட்டி சாகக் கிடக்கா, பக்கத்துல உட்கார்ந்து பாடணும். எல்லாரும் அழுதுட்டாங்க."

"அப்படி எப்படிப் பாடினீங்க?"

"கட்டில்ல நீ படுத்திருக்கறதா நினைச்சுக்கிட்டேன்."

அந்தப் பெண்மணி கணவரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு ஸ்டேஷன் கடந்தது.

"அப்ப இன்னைக்கு நான் தலைக்குக் குளிச்சிடறேன்."