செனாயில் இறங்கப் பார்த்தவர்

கூலாயில் ரயிலேறிய கணவனும் மனைவியும் என் எதிரே உட்கார்ந்தார்கள். சிலம்பம் பழகுகையில் எகிறிக் குதித்ததில் அவருக்குத் தொடையிடுக்கில் குடல் இறங்கிவிட்டதாம். ஜொகூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறார்கள்.

“லங்கோட்டை இறுக்கிக் கட்டினா சரியாப் போயிடும்,” என்றார் கணவர்.

“மூணு மாசமா இறுக்கிக்கிட்டுத்தான் இருக்கீங்க. குடல் மாட்டிக்கிட்டா உசுருக்கே ஆபத்துன்னு தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசரு சொல்லலியா?”

“சிலம்பத்து வாத்தியாரு சிரிப்பாரு.”

“சிரிக்கட்டும். எனக்கு நீங்க வேணும்.”

மடியில் தூங்கிய என் குழந்தையின் சற்றே புடைத்த தொப்புளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

செனாயில் ரயில் நின்றது. “தேத்தண்ணி குடிச்சிட்டு வரேன்,” என்று அவர் மெல்ல எழுந்தார். துணி மூட்டையையும் எடுத்துக்கொண்டார். அவள் வேட்டியைப் பிடித்தாள்.

“குடல் இறங்கினது போதும். நீங்களும் இறங்க வேணாம், உட்காருங்க.”

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.