சோமசேகரம் பாணி

முஹம்மது தம்பி: ...அப்ப, ஏலாதெண்டு எழுதியே போட்டீங்க?

சோமசேகரம்: எழுதினது தான். இன்னும் தபாலிலை போடேல்லை. நீ முதல்லை அந்த யன்னலடிக் கதிரையிலை இரு.

முஹம்மது தம்பி: இஞ்சயே இரிக்கன். காத்து வருது.

சோமசேகரம்: வெளிச்சத்திலை இரு தம்பி. இருட்டுக்குள்ளை முகத்தை வைச்சுக்கொண்டு கதைக்கிற ஆக்களை எனக்குப் பிடிக்காது... வாயிலை என்ன, வெத்திலையோ?

முஹம்மது தம்பி: ஒரு வாய்தான்.

சோமசேகரம்: துப்பிப்போட்டு வா. ஒத்திகையிலை என்ன சட்டமோ அது தான் என்ரை வீட்டிலையும்.

முஹம்மது தம்பி: கிண்ணியாவில இருந்து முதல் தோணியில வந்தவனுக்கு நல்ல வரவேற்பு.

கோணேஸ்வரி (அவர் மனைவி, குசினி அடுப்படியிலிருந்து): என்னப்பா, விடியக் காலமை தனிய என்ன கதை? அடுத்த நாடகத்துக்கு வசனம் பாடமாக்கிறியளோ?

சோமசேகரம்: ஆர் உன்னை அனுப்பினது? யோகலிங்கமோ?

முஹம்மது தம்பி: அக்கா ஏதோ கேட்டா.

சோமசேகரம்: ...கேட்டது, கேட்டது. மனுசி கேக்கிறதுக்கெல்லாம் மறுமொழி சொல்ல வெளிக்கிட்டா, இருபத்திரண்டு வருசத்திலை பதினாலு நாடகம் போட்டிருக்க ஏலுமோ?

முஹம்மது தம்பி: என்ன கேட்டா?

சோமசேகரம்: தேத்தண்ணி வேணுமோ எண்டு. வேறை என்ன. ஏன் முழுசுறாய்?

முஹம்மது தம்பி: ஒண்டுமில்ல. வானொலிக்காரர் போட்ட கடிதத்தில என்ன இரிக்கு? அதச் சொல்லுங்க.

சோமசேகரம்: சனிக்கிழமை கொழும்புக்கு வரட்டாம். எங்கட 'வெருகல் நாச்சி' நாடகம் முழுக்க ஒலிப்பதிவு. பாடுறவங்கள் ஒரு அறையிலை. நான் கண்ணாடிக்கு அங்காலை இன்னொரு அறையிலை. காதிலை ஏதோ சாமானைப் பூட்டிக்கொண்டு, எந்தப் பாட்டுச் சரி, எதைத் திருப்பிப் பாட வேணும் எண்டு நான் சொல்ல வேணுமாம். இது நாடகம் பழக்கிற அண்ணாவி செய்யிற வேலையோ?

முஹம்மது தம்பி: இருபத்திரண்டு வருஷமா அதத்தானே செய்றீங்க.

சோமசேகரம்: மேடை வேறை. நான் ஆளைப் பாக்க வேணும். வெள்ளைக்காரன் இருந்த காலத்திலை நேவி மண்டபத்திலை அவங்கட பாட்டு நாடகத்துக்கு விளக்குப் பிடிச்சவன் நான். ஒருத்தன் சின்னக் கோலொண்டை ஆட்ட, நாப்பது பேர் ஒரு வாயாப் பாடினவங்கள். அண்டைக்கே நினைச்சனான், தமிழிலை இப்பிடி ஒண்டு செய்ய வேணுமெண்டு. அவங்கள் துறைமுகத்தை விட்டுப் போய் ஒம்பது வருசம். எனக்குக் கண்ணாடி அறை தேவையில்லை.

முஹம்மது தம்பி: எங்களுக்குத் தேவை அண்ணாவியார். நாச்சி வேசம் கட்டுற யோகலிங்கம் மீன் வாடியில லீவும் சொல்லிட்டான். கூடப் பாடுற தங்கத்துரை புதுச் சேட்டுத் தைக்கக் குடுத்திருக்கான். இந்த ஒரு சனிக்கிழமைக்காக எத்தின வருஷம் நிண்டம்.

சோமசேகரம்: புதுச் சேட்டு வானொலியிலை தெரியாதெண்டு சொல்லு அவனுக்கு.

முஹம்மது தம்பி: பகிடிய விடுங்க. காரணம் அது இல்ல.

சோமசேகரம்: பேந்து என்ன காரணம்?

முஹம்மது தம்பி: நேத்து ராத்திரி நாடகம் முடிஞ்சு, சாமானெல்லாம் ஏத்தேக்குள்ள ஒரு கதை வந்திச்சு. தங்கத்துரைதான் தொடங்கினவன். நான் அவனோட சண்டைக்குப் போயிட்டன்.

சோமசேகரம்: என்ன கதை?

முஹம்மது தம்பி: உங்கட பாணியப் பத்தி.

சோமசேகரம்: பேப்பரிலை 'சோமசேகரம் பாணி' எண்டு தலையங்கம் போட்டு எழுதினவங்கள். அதிலை தங்கத்துரைக்கு என்ன குறை?

முஹம்மது தம்பி: முந்தி நான் மேடைக்குக் கீழ இருந்துதான் ஆர்மோனியம் வாசிச்சது. ஆறு வருஷத்துக்கு முந்தி என்னயும் பெட்டியயும் தூக்கி மேடையில வெச்சீங்க. வெளிச்சமும் போட்டீங்க. எனக்குப் பெருமையா இரிந்திச்சு. எங்கட வீட்டுக்காரி ஸாலிஹா ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சா.

சோமசேகரம்: நல்லது தானே.

முஹம்மது தம்பி: பெட்டியின்ட துருத்தி அசையிறது உங்களுக்குத் தெரியத்தான் வெச்சீங்களாம். அவன் சொல்றான். பாடுற ஆக்கள் காலில வெள்ளைத் துணி கட்டித் தாளம் தட்ட வேணுமெண்டீங்க. மீசைய வழிக்கச் சொன்னீங்க. ராசா வேசம் கட்டுறவனுக்கே மீசை இல்ல. சனம் புதுமை எண்டு கை தட்டிச்சு... நாங்களும் அப்பிடித்தான் நினைச்சம்.

சோமசேகரம்: நினைக்கிறதென்ன. அது புதுமை தான்.

முஹம்மது தம்பி: டொக்யாட்டில இருபது வருஷம் கப்பல் பொயிலருக்குள்ள இருந்து சுத்தியலால துருத் தட்டினீங்க. அந்தச் சத்தம்...

சோமசேகரம்: மெல்லக் கதை. அவள் குசினியிலை நிக்கிறாள்.

முஹம்மது தம்பி: அக்காவுக்குக் கேக்காது.

சோமசேகரம்: உனக்கு அவளைத் தெரியாது. ஊசி விழுந்தாலும் கேக்கும்.

முஹம்மது தம்பி: கேக்காது அண்ணாவியார்... நேத்து நாச்சி ஒப்பாரி எப்பிடி இரிந்திச்சு? புருசன்ட உடம்ப மடியில போட்டுக்கிட்டு அவ பாடுற இடம்.

சோமசேகரம்: எப்பிடியோ? பதினாலு நாடகத்திலையும் அப்பிடியொரு ஒப்பாரி நான் கண்டதில்லை. சனம் அசையேல்லை. முன் வரிசையிலை பொம்பிளையள் சீலைத் தலைப்பாலை வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவை. திரை விழுந்த உடனை யோகலிங்கத்தைக் கட்டிப் பிடிச்சுச் சொன்னனான், இண்டைக்குத் தான்ரா உன்ரை குரல் திறந்தது எண்டு.

முஹம்மது தம்பி: ஓம். எல்லாருக்கும் கேட்டிச்சு.

சோமசேகரம்: கேக்கட்டும். உண்மை தானே.

முஹம்மது தம்பி: அவன் பாடல்ல.

சோமசேகரம்: ...ஆர்?

முஹம்மது தம்பி: யோகலிங்கம். முதல் அடியிலயே தொண்ட அடைச்சிட்டு. பயத்தில வாய மட்டும் அசைச்சான். நான் விடாம வாசிச்சன். ஒப்பாரி முடியுமட்டும் மண்டபத்தில ஆர்மோனியம் மட்டுந்தான் கேட்டிச்சு. அழுத அழுகையில நாச்சிக்குச் சத்தமே போயிட்டுதாக்கும் எண்டு சனம் நினைச்சிச்சு.

சோமசேகரம்: பொய்.

முஹம்மது தம்பி: சத்தியமா.

சோமசேகரம்: நான் பாத்தனான்.

முஹம்மது தம்பி: ஓம். பாத்தீங்க.

சோமசேகரம்: ஒரு அடியும் பாடேல்லையோ?

முஹம்மது தம்பி: ஒரு சொல்லும் இல்ல. நீங்க கட்டிப் பிடிக்கேக்குள்ள அவன் எங்களப் பாத்தான்... அந்த முகத்த இன்னும் மறக்க ஏலல்ல.

கோணேஸ்வரி (குசினியிலிருந்து): இஞ்சேருங்கோ, புட்டு ஆறுது. தனிய நடிச்சது காணும், வாங்கோ.

முஹம்மது தம்பி: கொழும்புக்கு ஓமெண்டு எழுதுங்க. கண்ணாடி அறையில நானும் வந்து பக்கத்தில இரிக்கன். பிழை வந்தா உங்கட கையத் தொடுறன். வேற ஒருத்தனுக்கும் தெரியத் தேவல்ல.

சோமசேகரம்: என்ன தெரியத் தேவையில்லை? என்னைச் செவிடனெண்டு முடிவு கட்டிக்கொண்டோ வந்தனி?

முஹம்மது தம்பி: இல்ல. இல்லையெண்டு தங்கத்துரைக்குக் காட்டத்தான் வந்தன்.

சோமசேகரம்: நேற்று எனக்குச் சரியான களைப்பு. அது ஒரு நாள் பிழை. இப்ப பார், எவ்வளவு நேரமா ரெண்டு பேரும் கதைக்கிறம். ஒரு சொல்லாவது நான் தவறவிட்டனானோ?

முஹம்மது தம்பி: இல்ல.

சோமசேகரம்: நீ சொன்னதிலை ஒண்டையாவது, விளங்கேல்லை, திருப்பிச் சொல்லு எண்டு கேட்டனானோ?

முஹம்மது தம்பி: இல்ல அண்ணாவியார்.

சோமசேகரம்: அப்ப போய்ச் சொல்லு அவனுக்கு. சோமசேகரத்துக்குக் காது ஊசி மாதிரி எண்டு சொல்லு. தலையைக் குனியாதை. என்னைப் பாத்துச் சொல்லு. என்ரை காதிலை என்ன பிழை?

முஹம்மது தம்பி: உங்கட வாசல்படி ஏறினதில இருந்து நான் ஒரு சத்தமும் போடல்ல அண்ணாவியார். வாய மட்டுந்தான் அசைச்சன்.